சலிப்பு யாருக்கு, சலிப்பூட்டுவது எது?

‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்.’ வேலைக்கு விண்ணப்பம் போடும் நம் பிள்ளைகளின் கடிதங்களில் இந்த வரி அடிக்கடி தட்டுப்படும். எழுதியவர் சொல்ல வந்தது, இந்த வேலையில் எனக்கு ஆர்வம் இருக்கிறது என்று. படிக்கிறவருக்குப் போய்ச் சேருவதோ, நான் ரொம்பச் சுவாரசியமான ஆள் என்று. எழுத்துப்பிழை கிடையாது, காலம் தப்பவில்லை, எழுவாயும் பயனிலையும் பொருந்தித்தான் நிற்கின்றன. ‘இன்ட்ரஸ்டட்’ என்று சொல்லின் கடைசியில் ஈடி (ed) வரவேண்டிய இடத்தில் ஐஎன்ஜி (ing) வந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குள் பொருள் தலைகீழாகிவிட்டது.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்து ஊர்களில் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், கடைவீதியில் மலையாளம் பேசுகிறார்கள். தமிழ் வழியிலேயே படித்துக் கேரளத்து எஸ்எஸ்எல்சி எழுத முடிகிற பகுதி இது. இரண்டு மொழிகளில் மாறி மாறிப் புழங்கும் பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி ஒன்றும் பெரிய சுமை இல்லை. இருந்தும் இந்த ஒரு இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்குகிறது. இதற்குக் காரணம் அவர்களுடைய கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. தமிழும் மலையாளமும் சேர்ந்து ஒரு பக்கம் இழுக்கின்றன, ஆங்கிலம் எதிர்ப்பக்கம் போகிறது. அந்த இழுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. இந்தப் பகுதியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிற எனக்கு இதில் உறுதியான நம்பிக்கை உண்டு.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் மனநிலை தொடர்பான வினைச்சொற்கள் நிறைய இருக்கின்றன: போர், டயர், எக்ஸைட், கன்ஃப்யூஸ், சர்ப்ரைஸ், ஃப்ரைட்டன், டிஸப்பாயின்ட், அனாய், எம்பாரஸ், ஷாக். இவற்றுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. ஏதோ ஒன்று யாரோ ஒருவருக்குள் அந்த உணர்வை உண்டாக்குகிறது என்பதையே இவை சொல்கின்றன. ‘தி லெசன் போர்ஸ் மீ’ என்றால் பாடம் எனக்குச் சலிப்பூட்டுகிறது. உண்டாக்குவது பாடம், அனுபவிப்பது நான். இந்த வினையோடு ஐஎன்ஜி சேர்த்தால் ‘போரிங்’. அது உண்டாக்குகிற பக்கத்துக்கு அடைமொழி. ஈடி சேர்த்தால் ‘போர்ட்’. அது அனுபவிக்கிற பக்கத்துக்கு அடைமொழி. ‘தி லெசன் இஸ் போரிங். ஐ ஆம் போர்ட்.’

விதி இத்தனை சின்னது. ஆனாலும் வாய் திறந்தால் ‘ஐ ஆம் போரிங்’ என்றுதான் வருகிறது.

‘எனக்கு’ செய்கிற வேலை

தமிழில் ‘நான் சலிப்பு’ என்று யாரும் சொல்வதில்லை. எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்கிறோம். எனக்குப் பசிக்கிறது, அவனுக்குப் பயமாக இருக்கிறது, அம்மாவுக்குச் சந்தோஷம், தாத்தாவுக்குக் கோபம் என்று உணர்வுகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். உணர்வு எங்கிருந்தோ வந்து ஒருவரிடம் சேர்கிறது. அது வந்து சேர்ந்த இடத்தை ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபு காட்டிக்கொடுக்கிறது. ‘நான் பயந்தேன்’, ‘நான் குழம்பிப்போனேன்’ என்று சொல்லும் வழியும் நமக்கு உண்டுதான். ஆனால் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டால் ‘எனக்கு’ என்றே வாய் ஆரம்பிக்கும். மலையாளத்திலும் அதே கதை: ‘எனிக்கு போரடிக்குன்னு’, ‘எனிக்கு பேடியாணு’.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. உணர்கிறவர் யார் என்பதைக் கு சொல்லிவிடுவதால் உணர்வுச் சொல் உருமாறத் தேவையில்லை. ‘கணக்கு குழப்பமாக இருக்கிறது’ என்கிறோம், ‘எனக்குக் குழப்பமாக இருக்கிறது’ என்கிறோம். ‘இந்த ரோடு பயமா இருக்கு’, ‘எனக்குப் பயமா இருக்கு’. பாடத்துக்கும் எனக்கும் அதே ‘சலிப்பாக’ போதும். யாருக்கும் சந்தேகம் வராது. ரோட்டுக்குப் பயம் வந்துவிட்டதா என்று எவரும் கேட்கப்போவதில்லை.

ஆங்கிலத்தில் அந்தக் கு இல்லை. உணர்கிறவரும் எழுவாயாகத்தான் வந்து நிற்கிறார், உணர்வை உண்டாக்கும் பாடமும் எழுவாயாகத்தான் வருகிறது. ‘ஐ ஆம்’, ‘தி லெசன் இஸ்’ என்று இரண்டுக்கும் ஒரே அமைப்பு. அப்படியானால் யார் எந்தப் பக்கம் என்பதை வாக்கியத்தில் வேறெங்காவது காட்டியாக வேண்டுமே. அதை ஆங்கிலம் அடைமொழியின் வாலில் காட்டுகிறது. ‘எனக்கு’ என்பதன் கடைசியில் இருக்கும் கு நமக்குச் செய்துகொடுக்கும் வேலையை, ‘போர்ட்’ என்பதன் கடைசியில் இருக்கும் ஈடி அவர்களுக்குச் செய்துகொடுக்கிறது. நினைப்பது தமிழில் என்றால் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். மனதில் ஓடும் வாக்கியத்தில் எனக்கு, அவனுக்கு, அப்பாவுக்கு என்று கு வந்து, அந்த ஆளையே ஆங்கிலத்தில் எழுவாய் ஆக்கப்போகிறீர்கள் என்றால், அவருடைய அடைமொழிக்கு ஈடி.

‘எனக்கு இந்தப் பாடம் சலிப்பாக இருக்கிறது’ என்று இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் தமிழ் நிறுத்தும்போது ஆங்கிலத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால் ‘திஸ் லெசன் இஸ் போரிங்’. என்னைப் பற்றி என்றால் ‘ஐ ஆம் போர்ட் வித் திஸ் லெசன்’. மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, நம் தமிழ் வாக்கியத்துக்கு அதுதான் ரொம்ப நெருக்கம்: ‘ஐ ஃபைண்ட் திஸ் லெசன் போரிங்.’ வாக்கியம் ‘ஐ’ என்று ஆரம்பித்தாலும் கடைசியில் ஐஎன்ஜிதான் வந்திருக்கிறது பாருங்கள். இங்கே ‘போரிங்’ ஒட்டிக்கொண்டிருப்பது பாடத்தோடு. வாக்கியம் யாரை வைத்து ஆரம்பிக்கிறது என்பதைவிட, அடைமொழி யாரைப் பற்றியது என்று பார்ப்பதே பாதுகாப்பு. நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்த ‘ஐ ஃபைண்ட்’ அமைப்பைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. நம் நினைப்பு ஓடும் போக்கிலேயே ஆங்கிலமும் ஓட அது இடம் கொடுக்கும்.

‘எக்ஸைட்டிங்கா இருக்கு’

இன்னொரு இழுப்பு நாம் கடன் வாங்கிப் பேசும் தமிழிலிருந்து வருகிறது. மாசியில் பாலக்காட்டுச் சித்தூரின் பகவதி கோயிலில் கொங்கன்படை நடக்கும். கொங்குநாட்டுப் படையைச் சித்தூர் எதிர்த்து வென்றதாகச் சொல்லப்படும் பழங்கதையை ஊரே திரண்டு நடத்திக்காட்டும் திருவிழா. அதற்குப் போகும் நாளில் பிள்ளைகள் ‘எனக்கு ஒரே எக்ஸைட்டிங்கா இருக்குங்க டீச்சர்’ என்பார்கள். தமிழ் வாக்கியமாக இதில் ஒரு குறையும் இல்லை. ‘எனக்கு’ என்று சொல்லியாகிவிட்டது, அதற்குமேல் ‘எக்ஸைட்டிங்’ என்று போட்டாலும் ‘எக்ஸைட்டட்’ என்று போட்டாலும் கேட்கிறவருக்குப் புரிந்துவிடும்.

சிக்கல் அதை ஆங்கிலத்துக்கு மாற்றும் நொடியில் வருகிறது. ஆங்கிலச் சொல் ஏற்கெனவே கையில் இருப்பதால் ‘எனக்கு’ என்பதை மட்டும் ‘ஐ’ ஆக்கினால் போதும் என்று தோன்றும். ‘ஐ ஆம் எக்ஸைட்டிங்’ என்று வந்து விழும். இதைத் திருத்தியபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “ஏனுங்க டீச்சர், எக்ஸைட்டிங்கா இருக்குன்னுதான எல்லாரும் சொல்றோம். அப்புறம் ஐ ஆம் எக்ஸைட்டிங் மட்டும் எப்படிங்க தப்பாகும்?” ரொம்ப நியாயமான கேள்வி. “கண்ணு, நீ ‘எனக்கு’ன்னு சொன்னதுல ஒரு கு இருந்துச்சு. அதை ‘ஐ’ன்னு மாத்தறப்ப அந்தக் கு எங்க போச்சு?” என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஈடிக்குப் போகோணுங்க” என்றாள். இதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது.

‘டயர்டா இருக்கு’ என்ற சொல் மட்டும் நம் பேச்சில் ஈடியோடு வந்து நிலைத்துவிட்டது. அதனால் ‘ஐ ஆம் டயர்ட்’ என்பதில் யாரும் தவறுவதில்லை. மாறாக, ‘போரிங்கா’, ‘கன்ஃப்யூஸிங்கா’, ‘இன்ட்ரஸ்டிங்கா’ எல்லாம் ஐஎன்ஜியோடு வந்து குடியேறின. தவறுகளும் அந்தச் சொற்களில்தான் அதிகம் வருகின்றன. ஒரு சொல் தமிழ்ப் பேச்சுக்குள் எந்த வாலோடு நுழைந்ததோ அதே வாலோடு ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகிறது. உங்கள் வாயில் எந்தச் சொல் எந்த வாலோடு புழங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மிரண்ட யானையும் மிரட்டும் யானையும்

ஆங்கில இலக்கணத்தில் கடினம் என்று சொல்லப்படும் இந்த வேறுபாட்டைத் தமிழ் தன் வினைச்சொற்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். குழம்பு, குழப்பு. கலங்கு, கலக்கு. மயங்கு, மயக்கு. வருந்து, வருத்து. முதல் சொல்லில் உணர்வு தனக்கே நேர்கிறது, இரண்டாம் சொல்லில் அதை இன்னொருவருக்கு நேரவைக்கிறோம். பெயரெச்சம் ஆக்கிப் பாருங்கள். குழம்பிய மாணவன், குழப்பும் கணக்கு. கலங்கிய மனம், கலக்கும் செய்தி. மயங்கிய கண், மயக்கும் இசை. ஆங்கிலத்தின் ‘கன்ஃப்யூஸ்ட்’, ‘கன்ஃப்யூஸிங்’ செய்வதும் இதே வேலைதான்.

ஒலியையும் கவனியுங்கள். ம்பு, ங்கு, ந்து என்று மெல்லினம் கலந்து வருவது உணர்கிற பக்கம். ப்பு, க்கு, த்து என்று வல்லினம் இரட்டிப்பது உண்டாக்குகிற பக்கம். அப்படியானால் மெல்லினத்துக்கு ஈடி, வல்லினத்துக்கு ஐஎன்ஜி. எந்தக் கையேட்டிலும் இல்லாத சூத்திரம் இது. ஆனால் தமிழ் காதுக்கு இதைப்போல உடனே பிடிபடுவது வேறொன்று இல்லை. மலையாளத்தில் ‘கலங்ஙுக’, ‘கலக்குக’ என்று இதே ஜோடி இருக்கிறது. பயத்துக்கு ‘பேடிக்குக’, ‘பேடிப்பிக்குக’. எல்லைக்கு எந்தப் பக்கம் பிறந்தாலும் இந்தக் காது நமக்கு உண்டு.

எல்லா உணர்வுக்கும் இப்படி அழகான ஜோடி கிடைக்காது. அப்போது துணைவினையைப் பார்க்க வேண்டும். ஆச்சரியப்படு என்றால் சர்ப்ரைஸ்ட், ஆச்சரியப்படுத்து என்றால் சர்ப்ரைஸிங். ஏமாற்றமடை, ஏமாற்றமளி. எரிச்சலடை, எரிச்சலூட்டு. சங்கடப்படு, சங்கடப்படுத்து. படு, அடை என்று முடிந்தால் ஈடி. படுத்து, ஊட்டு, அளி, வை என்று முடிந்தால் ஐஎன்ஜி. எந்த ஆங்கிலச் சொல்லிலும் சந்தேகம் வந்தால், சொல்ல நினைத்ததை நல்ல எழுத்துத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘போரிங்கா இருக்கு’ என்ற பேச்சுத்தமிழ் மறைத்துவைப்பதை ‘சலிப்படைந்தேன்’, ‘சலிப்பூட்டியது’ என்ற எழுத்துத்தமிழ் வெளியே எடுத்துக் காட்டிவிடும்.

ஆங்கிலம் ஏன் ஈடியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை. ‘கன்ஃப்யூஸ்’ என்பது குழப்பு. ‘குழம்பு’ என்பதற்கு அங்கே தனியாக ஒரு வினை அன்றாடப் புழக்கத்தில் இல்லை. ‘போர்’ என்பது சலிப்பூட்டு. ‘சலி’ என்பதற்குத் தனிவினை இல்லை. இருப்பது பிறவினை மட்டும் என்பதால், தன்வினையைச் சொல்ல அவர்கள் செயப்பாட்டு வழியில் சுற்றிவர வேண்டியிருக்கிறது: குழப்பப்பட்டவன், சலிப்பூட்டப்பட்டவள். அந்தச் சுற்றுவழியின் அடையாளம்தான் ஈடி.

வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் காட்டு யானைகள் ஊருக்குள் இறங்குவதும் ரயில் பாதையைக் கடப்பதும் அடிக்கடி நடப்பவை. தோட்டத்துக்குள் யானை வந்துவிட்டது, ஊர்க்காரர்கள் பட்டாசு வெடித்து விரட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் நின்று பார்க்கிறவருக்கு அது ‘எ ஃப்ரைட்டனிங் எலிஃபன்ட்’, மிரட்டும் யானை. பட்டாசுச் சத்தத்தில் வெலவெலத்துக் குட்டியை மறைத்துக்கொண்டு நிற்கும் அதே யானை அந்த நேரத்தில் ‘எ ஃப்ரைட்டன்ட் எலிஃபன்ட்’, மிரண்ட யானை. மாறியது பார்வை மட்டும். செய்தித்தாளுக்கு எழுதுகிறவர் இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை வைத்தே, அவர் ஊர்க்காரர் பக்கம் நின்று எழுதினாரா யானையின் பக்கம் நின்று எழுதினாரா என்று சொல்லிவிடலாம்.

ஆளுக்கு ஈடி, பொருளுக்கு ஐஎன்ஜி?

தேர்வுக் கையேடுகள் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி இது. பத்துக்கு எட்டு இடத்தில் வேலை செய்யும், மிச்ச இரண்டில் கவிழ்த்துவிடும். யானையை இப்போதுதான் பார்த்தோம். மனிதர்களும் அப்படித்தான். ‘ஹி இஸ் போரிங்’ என்பது முழுக்கச் சரியான ஆங்கிலம். அவருடன் பேசினால் நமக்குச் சலிப்பு வரும் என்று பொருள். ‘ஷி இஸ் என் இன்ட்ரஸ்டிங் பர்சன்’, ‘மை நெய்பர் இஸ் அனாயிங்’ எல்லாம் அன்றாடம் புழங்குபவை. ஆள் உண்டாக்குகிற பக்கம் நின்றால் அவருக்கும் ஐஎன்ஜிதான். ‘ஐ ஆம் போரிங்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது இலக்கணப் பிழைகூட இல்லை. என்னோடு இருந்தால் உங்களுக்குச் சலித்துப்போகும் என்று தன்னைப் பற்றித் தானே குறை சொல்கிறது. இலக்கணப் பிழையாக இருந்தால் கேட்கிறவர் திருத்திப் புரிந்துகொள்வார். இது பொருளுள்ள வாக்கியம் என்பதால் தவறான பொருளிலேயே போய்ச் சேர்ந்துவிடும். நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

மறுபுறம், பொருளுக்கு ஈடி வருவதும் உண்டு, ஆனால் அபூர்வம். ‘எ வொர்ரீட் லுக்’, ‘எ போர்ட் வாய்ஸ்’, ‘எ சர்ப்ரைஸ்ட் ஃபேஸ்’. பார்வை, குரல், முகம் ஆகியவை உணர்கிறவரின் பாகங்கள், அதனால் அவருடைய அடைமொழியையே வாங்கிக்கொள்கின்றன. கவலை தோய்ந்த முகம் என்று நாம் சொல்வதைப் போலத்தான்.

காலம் என்ற மயக்கம்

இன்னொரு குழப்பம் இலக்கணப் பெயர்களிலிருந்தே வருகிறது. ஐஎன்ஜி வடிவத்துக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் பிரசன்ட் பார்ட்டிசிபிள், ஈடி வடிவத்துக்குப் பாஸ்ட் பார்ட்டிசிபிள். பெயரில் நிகழ்காலமும் இறந்தகாலமும் இருப்பதால், இப்போது சலிப்பாக இருந்தால் ‘போரிங்’ என்றும் நேற்றுச் சலிப்பாக இருந்திருந்தால் ‘போர்ட்’ என்றும் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆசிரியர்கள் இந்தப் பெயர்களை முதல் நாளே எழுதிப் போடாமல் இருந்தால் நல்லது என்பது என் கருத்து. உணர்வுச் சொற்களில் இந்த வால்களுக்கும் காலத்துக்கும் தொடர்பே கிடையாது. காலத்தை ‘ஆம்’, ‘வாஸ்’, ‘வில் பி’ போன்றவை பார்த்துக்கொள்ளும். ‘ஐ ஆம் போர்ட் நவ்’, ‘ஐ வாஸ் போர்ட் எஸ்டர்டே’, ‘ஐ வில் பி போர்ட் டுமாரோ’. மூன்று காலத்திலும் ஈடி அசையாமல் நிற்கிறது. பாடத்துக்கும் அதேபோல மூன்று காலத்திலும் ‘போரிங்’.

உணர்வை விட்டு வெளியே போனால் கதை வேறு. ‘பாயிலிங் வாட்டர்’ என்றால் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர், ‘பாயில்ட் வாட்டர்’ என்றால் கொதிக்கவைத்து எடுத்தது. பாலக்காட்டு ஹோட்டலில் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டு இளஞ்சிவப்பாக மேசைக்கு வருவது இரண்டாவது. அங்கே நடக்கிறதா முடிந்ததா என்ற கேள்வி உண்டு. சலிப்பிலும் வியப்பிலும் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஐஎன்ஜி வந்தாலே அடைமொழி என்றும் நினைத்துவிட வேண்டாம். ‘தி நாய்ஸ் இஸ் அனாயிங் மீ’ என்பதில் அது வினை, சத்தம் இப்போது என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. ‘தி நாய்ஸ் இஸ் அனாயிங்’ என்பதில் அடைமொழி. முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘வெரி அனாயிங்’ என்று பொருந்தினால் அடைமொழி, ‘வெரி அனாயிங் மீ’ என்று இடறினால் வினை.

ஜோடி சேராத சொற்கள்

சில உணர்வுகளில் ஈடி இருக்கும், எதிர்ப்பக்கத்துக்கு ஐஎன்ஜிக்குப் பதிலாக வேறொரு சொல் வந்து நிற்கும். ‘ஐ வாஸ் இம்ப்ரஸ்ட்’ என்றால் நான் அசந்துபோனேன். அசரவைத்த பேச்சு ‘இம்ப்ரஸிவ்’. ‘இம்ப்ரஸிங்’ என்று எழுதினால் உறுத்தும். ‘ஸ்கேர்ட்’ என்பதற்கு மறுபக்கம் ‘ஸ்கேரி’. ‘டிலைட்டட்’ என்றால் ‘டிலைட்ஃபுல்’. ‘ஸ்ட்ரெஸ்ட்’ என்றால் ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’. ‘அஃபெண்டட்’ என்றால் ‘அஃபென்சிவ்’. இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. இவை கொஞ்சம்தான் என்பது ஆறுதல்.

‘டிஸின்ட்ரஸ்டட்’ என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஆர்வமில்லாதவர் ‘அனின்ட்ரஸ்டட்’. ‘டிஸின்ட்ரஸ்டட்’ என்றால், கவனமாக எழுதுகிறவர்களின் வழக்கில், தன்னலம் கலக்காமல் நடுநிலையோடு பார்க்கிறவர். நீதிபதியை அப்படிச் சொன்னால் அது பாராட்டு.

எதன்மீது, எதைப் பற்றி

ஈடி வந்த உடனே அடுத்த கேள்வி வரும். எதனால் சலிப்பு, எதில் ஆர்வம்? இதற்கு ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் தனக்கென்று ஒரு முன்னிடைச்சொல்லை (ப்ரெபொசிஷன்) வைத்திருக்கிறது. ‘இன்ட்ரஸ்டட் இன்’ என்றால் ஒன்றில் ஆர்வம், தமிழின் ‘இல்’ உருபு நேராகப் பொருந்துகிறது. ‘எக்ஸைட்டட் அபௌட்’, ‘வொர்ரீட் அபௌட்’ இரண்டும் ஒன்றைப் பற்றி. ‘போர்ட் வித்’, ‘டயர்ட் ஆஃப்’, ‘ஃப்ரைட்டன்ட் ஆஃப்’, ‘சர்ப்ரைஸ்ட் அட்’ அல்லது ‘சர்ப்ரைஸ்ட் பை’, ‘டிஸப்பாயின்டட் வித்’. தனித்தனியாகப் படிக்காமல், சொல்லையும் அதன் முன்னிடைச்சொல்லையும் ஒட்டியே சொல்லிப் பழகுங்கள். ‘இன்ட்ரஸ்டட்’ என்று ஒரு சொல் இல்லை, ‘இன்ட்ரஸ்டட்-இன்’ என்றுதான் ஒரு சொல் என்று வைத்துக்கொண்டால் நல்லது. கீழே உச்சரிப்பில் இதற்கு வேறொரு பயனும் இருக்கிறது.

சித்தூர் வட்டாரத்து விவசாயிகள் ஆண்டுதோறும் பேசும் விஷயம் ஒன்றை வைத்து இரண்டு பக்கத்தையும் பழகிப் பார்க்கலாம். 1970இல் போடப்பட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, சித்தூர்ப்புழை பாசனத்துக்காக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விடப்பட வேண்டும். நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் என்ன எழுதுவோம்? ‘தி ஃப்ளோ வாஸ் டிஸப்பாயின்டிங்.’ வரத்து ஏமாற்றமளித்தது. ‘தி ஃபார்மர்ஸ் வேர் டிஸப்பாயின்டட் வித் தி ஃப்ளோ.’ விவசாயிகள் ஏமாற்றமடைந்தார்கள். ‘தி ஃபார்மர்ஸ் வேர் டிஸப்பாயின்டிங்’ என்று மனுவில் ஒரு வரி போய்விட்டால் குற்றம் விவசாயிகள் தலையில் விழும். விவசாயிகள் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை என்று அதற்குப் பொருள். தண்ணீர் கேட்டு எழுதிய மனு, கேட்டவர்களையே குறை சொல்லி முடியும். அடுத்த வரியாக ‘தே ஆர் வொர்ரீட் அபௌட் தி க்ராப்’ என்று எழுதலாம். நிலைமையைச் சொல்ல வேண்டுமானால் ‘தி சிச்சுவேஷன் இஸ் வொர்ரியிங்’.

காதில் விழாத ஈடி

எழுதும்போது சரியாக எழுதுகிறவர்கள்கூடப் பேசும்போது கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஈடி என்று இரண்டு எழுத்து இருப்பதால் எல்லாச் சொல்லிலும் ‘எட்’ என்று ஓர் அசை வரும் என்று சிலர் நினைத்து ‘ஷாக்கெட்’, ‘கன்ஃப்யூஸெட்’ என்கிறார்கள். வேறு சிலர் கடைசி மெய்யை விழுங்கிவிட்டு ‘ஐ ஆம் போர்’, ‘ஐ ஆம் சர்ப்ரைஸ்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். தமிழில் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால் நாக்கு அந்த ட்-ஐ ஒன்று உகரம் சேர்த்து நீட்டப் பார்க்கிறது, இல்லையென்றால் கைவிட்டுவிடுகிறது.

உண்மையில் ஈடிக்கு மூன்று ஒலி உண்டு. வினை ஏற்கெனவே ட் அல்லது ட-வின் மென்மையான ஒலியில் முடிந்தால் மட்டுமே தனி அசை வரும். எக்ஸைட், எக்ஸைட்டிட். இன்ட்ரஸ்ட், இன்ட்ரஸ்டிட். டிஸப்பாயின்ட், டிஸப்பாயின்டிட். அங்கேயும் வருவது ‘இட்’ என்பதற்கு நெருக்கமான சின்ன ஒலி, ‘எட்’ என்று வாயை அகலத் திறப்பது கிடையாது. வினை க், ப், ஸ், ஷ் போன்ற காற்றொலியில் முடிந்தால் ஈடி வெறும் வன்மையான ட் ஆகும்: ஷாக்ட், எம்பாரஸ்ட், இம்ப்ரஸ்ட், ரிலாக்ஸ்ட். மற்ற இடங்களில், தொண்டை அதிரும் ஒலியில் முடியும் சொற்களில், மென்மையான ட்: போர்ட், டயர்ட், அனாய்ட், வொர்ரீட், ஃப்ரைட்டன்ட். கன்ஃப்யூஸ், சர்ப்ரைஸ் இரண்டும் எழுத்தில் ஸ் போலத் தெரிந்தாலும் காதில் தேனீ ரீங்காரம் போல அதிர்ந்து முடிகின்றன, அதனால் இவையும் இந்தக் கூட்டத்தில்தான். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வு கைக்குத் தெரியும்.

அந்த ட்-ஐ விழுங்காமல் காப்பாற்ற, முன்பு சொன்ன முன்னிடைச்சொல் உதவும். ‘டயர்ட்’ என்று தனியே நிறுத்தினால் கடைசி மெய் நழுவிவிடும். ‘டயர்ட் ஆஃப்’ என்று சேர்த்துச் சொன்னால் அந்த மெய் அடுத்த உயிரோடு கூடிவிடும்: டய-ர்-டவ். ‘இன்ட்ரஸ்டட் இன்’ என்பது இன்ட்-ரஸ்-டி-டின். ‘வொர்ரீட் அபௌட்’ என்பது வொர்-ரீ-டபௌட். உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே என்ற நன்னூல் விதியைப் படித்த நமக்கு இது புதிதில்லை. ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் திஸ் ஜாப்’ என்பதை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் நாலைந்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பிறகு ‘ஜாப்’ என்ற இடத்தில் உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வமுள்ள ஒன்றைப் போட்டுச் சொல்லுங்கள்.